இளமையில் மூட்டு வலி: அறிந்து நடப்போம்

மூட்டு வலி முதுமைக்கே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. முதியவர் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறுவதைக் கண்டால் நாம் வியப்பதில்லை. ஆனால் 20 அல்லது 25 வயதுடைய ஒருவர் காலையில் பால் மரம் வெட்டி, மாலையில் திடலில் பந்தாடி, இரவில் வீங்கிய முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால், "இந்த வயதில் என்ன மூட்டு வலி?" என்று கேட்டுச் சிரித்துவிடுகிறோம். அவரும் வெட்கப்பட்டு வலியை மறைத்துக்கொள்கிறார்.

இளமையில் வரும் மூட்டு வலி குறித்து இரு தவறான போக்குகள் நம்மிடையே உண்டு. ஒன்று, பல்லைக் கடித்துக்கொண்டு முன்போலவே உழைப்பதும் ஆடுவதும். மற்றொன்று, மூட்டு தேய்ந்துவிட்டது என அஞ்சி, எல்லா அசைவையும் நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்வது. இவ்விரண்டும் மூட்டுக்குக் கேடு செய்வன. பெரும்பாலான வலிகளுக்கு அளவறிந்த உழைப்பே மருந்து. சில வலிகளுக்கோ ஒரு நாள் தாமதமும் கூடாது. எது எவ்வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறியும் வழியை இப்பாடத்தில் காண்போம்.

மூட்டின் அமைப்பு

முழங்காலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடமே முழங்கால் மூட்டு. அதன் முன்புறம் சில்லெலும்பு அமைந்துள்ளது. எலும்புகளின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. எலும்பை எலும்போடு கட்டுவது இணைப்புநார். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். மூட்டைச் சூழ்ந்த உறையின் உட்புறச் சவ்வு, எண்ணெய் போன்ற ஒரு நீரைச் சுரக்கிறது.

குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை என்பதை நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அதற்குரிய உணவு பெரும்பாலும் மூட்டு நீரிலிருந்தே கிடைக்கிறது. கால் அழுந்தும்போது, நீரில் நனைந்த பஞ்சைப் பிழிந்தாற்போல் குருத்தெலும்பிலிருந்து நீர் வெளியேறுகிறது. அழுத்தம் நீங்கும்போது புதிய நீர் உட்புகுகிறது. ஆகவே, மூட்டு அசைந்தால்தான் உண்ணும். நெடுநாள் அசையாதிருக்கும் மூட்டு வலுவிழக்கிறது. அதனைத் தாங்கும் தசைகளும் மெலிந்துவிடுகின்றன.

சுமையும் தாங்கும் ஆற்றலும்

சமதரையில் நடப்பதைக் காட்டிலும் படியேறும்போது முழங்கால் மிகுந்த சுமையைத் தாங்குகிறது. அப்பொழுது சில்லெலும்பின் பின்புறம் உடல் எடையைப் போல் ஏறத்தாழ 3 மடங்கு அழுத்தம் விழுகிறது. குந்தி எழுவதும், தாவிக் குதிப்பதும் அதனினும் கூடுதலான அழுத்தத்தைத் தருகின்றன. நன்கு பழகிய தசையும் தசைநாணும் இதனை எளிதில் தாங்கும். பழகும் முன்னரே சுமை திடீரென்று கூடும்போதுதான் வலி தோன்றுகிறது.

பால் வெட்டுத் தொழிலாளி ஒருவர் விடியற்காலையில் தொடங்கிச் சில நூறு மரங்களைச் சுற்றி வருகிறார். வெட்டுப் பட்டை தாழ்வாக இருந்தால் மரத்திற்கு மரம் குனிந்தும் குந்தியும் எழ வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் குலை அறுப்பவர் நீண்ட கழியைத் தலைக்கு மேல் உயர்த்தி, அண்ணாந்து இழுக்கிறார். 10 முதல் 25 கிலோ வரை எடையுள்ள குலைகளைத் தூக்கித் தள்ளுவண்டியில் இடுகிறார். முன்னவருக்கு முழங்காலும் இடுப்பும், பின்னவருக்குத் தோளும் கழுத்தும் முதுகும் வலிப்பது இயல்பே. பல மாதம் பழகிய பிறகு உடல் இவ்வேலைக்கு ஈடுகொடுக்கிறது.

இந்நிலையில், காற்பந்துப் போட்டி நெருங்குகிறது என்று அவ்விளைஞர் நாள்தோறும் மாலையில் இரண்டு மணி நேரம் ஓடத் தொடங்கினால் என்னவாகும்? உழைப்பின் சுமையோடு ஆட்டத்தின் சுமையும் சேர்கிறது. இடையில் உறக்கமும் குறைகிறது. இரண்டாவது வாரத்தில் சில்லெலும்பைச் சுற்றி வலி தொடங்கும். குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்பது இதன் பொருளன்று. சுமை ஆற்றலை முந்திக்கொண்டது என்பதே பொருள். கைப்பந்து ஆடுவோருக்குச் சில்லெலும்பின் கீழுள்ள தசைநாணில் வரும் வலியும் பெரும்பாலும் இவ்வகையினதே. மூட்டை மடக்கும்போது 'சொடக்' என்று ஓசை எழுந்தாலும், வலியும் வீக்கமும் இல்லையெனில் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

வலியைப் பிரித்தறியும் முறை

வலி கண்டவுடன் நம்மை நாமே நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்வோம்.

முதலாவது, எப்பொழுது வலிக்கிறது? சுமையால் வரும் வலி உழைக்கும்போது மிகும், ஓய்ந்தால் தணியும். அழற்சி நோயால் வரும் வலியோ காலையில் எழும்போதே கடுமையாக இருக்கும். மூட்டுகள் இறுகி, அரை மணி நேரத்திற்கு மேலாகியும் இளகாமல் இருப்பது அழற்சியின் அடையாளம்.

இரண்டாவது, எத்தனை மூட்டுகள் வலிக்கின்றன? ஒரு முழங்காலில் மட்டும் வலி இருப்பது வேறு. இரு கைகளின் விரல் மூட்டுகளும் மணிக்கட்டுகளும் ஒருசேர வீங்குவது வேறு. பின்னது முடக்குவாதமாக இருக்கலாம். அது ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு கூடுதலாகத் தாக்குகிறது. இளம் வயதிலும் வரும். மலேசிய மருத்துவமனைகளில் இந்நோய்க்குச் சிகிச்சை பெறுவோரில், மக்கள் தொகையில் நமக்குள்ள பங்கைக் காட்டிலும் இந்தியர் விகிதம் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, "பால் வாளி தூக்கியதால் கை வலிக்கிறது" என்று நம் பெண்கள் மாதக்கணக்கில் பொறுத்திருத்தல் கூடாது. முதல் சில மாதங்களிலேயே மருந்து தொடங்கினால் விரல்கள் கோணாமல் காக்கலாம்.

மூன்றாவது, எப்படித் தொடங்கியது? படிப்படியாக வந்ததா? விழுந்து முறுக்கியதால் வந்ததா? அடியேதும் படாமல், இரவோடு இரவாகக் கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி, துணி பட்டாலும் வலிக்கிறது எனில், இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்ததால் வரும் கௌட் நோயாக இருக்கலாம். மதுவும் இனிப்புப் பானங்களும் அதனை வளர்ப்பன.

நான்காவது, மூட்டு வலியோடு வேறென்ன இருக்கிறது? காய்ச்சலும் உடல் முழுதும் மூட்டு வலியும் சேர்ந்து வந்தால் டெங்கியையும் சிக்குன்குன்யாவையும் நினைவிற்கொள்ள வேண்டும். இவ்விரண்டும் ஏடிஸ் கொசுவால் பரவுவன. நம் நாட்டில் சிக்குன்குன்யா 1998இல் கிள்ளான் வட்டாரத்திலும், 2006இல் பேராக் மாநிலத்தின் பாகான் பஞ்சோரிலும் தோன்றியது; 2008இல் ஜொகூரில் தொடங்கிப் பல மாநிலங்களுக்கும் பரவியது. காய்ச்சல் நீங்கிய பின்னும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், நீடிப்பது அந்நோயின் இயல்பு. வெட்டாமல் விட்ட மரங்களின் மங்குகளில் மழைநீர் தேங்கினால் அங்கே கொசு பெருகும் என்பதால், அவற்றைக் கவிழ்த்து வைப்பதும் மூட்டைக் காக்கும் செயலே.

இளைஞரின் இடுப்பு வலி பற்றியும் இங்கே ஒரு சொல் கூற வேண்டும். 40 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதத்திற்கு மேல் நீடித்து, படுத்திருந்தால் மிகுந்து, நடமாடினால் குறையும் முதுகுவலி, முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியாக இருக்கக்கூடும். உழைப்பால் வரும் முதுகுவலி பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும்.

தாமதிக்கக் கூடாத அடையாளங்கள்

கீழ்க்காணும் நிலைகளில் வீட்டு வைத்தியம் வேண்டா. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

1. ஒரு மூட்டு வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் குளிரும் காணுதல். இது மூட்டுக்குள் கிருமி புகுந்ததன் அடையாளமாகலாம். சில நாள்களிலேயே குருத்தெலும்பை அழித்துவிடும் நோய் இது.

2. அடிபட்ட காலை ஊன்றி நான்கு அடி வைக்க இயலாமை. எலும்பைத் தொட்டாலே வலித்தல். மூட்டின் வடிவம் மாறுதல்.

3. ஆட்டத்தில் முழங்கால் 'டப்' என்று ஒலித்து, சில மணி நேரத்திற்குள் வீங்குதல். உட்புற இணைப்புநார் அறுந்திருக்கலாம்.

4. முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்டவோ மடக்கவோ முடியாமை.

5. அடிபட்ட காலின் பாதம் மரத்துப்போதல், வெளிறிக் குளிர்ந்துபோதல்.

இவையன்றி, இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் வலி, காரணமின்றி உடல் மெலிதல், எலும்பருகே வளரும் கட்டி ஆகியவற்றை அவ்வாரத்திற்குள்ளேனும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எலும்புப் புற்றுநோய் அரிதே. ஆயினும் அது முழங்கால் அருகில் இளவயதினரையே பெரிதும் நாடுகிறது.

அடிபட்ட முதல் மூன்று நாள்கள்

கணுக்கால் சுளுக்கு, திடலிலும் காட்டிலும் அடிக்கடி நேர்வது. உடனே சுடவைத்த எண்ணெய் தேய்த்து, அழுத்தி உருவி, 'சுளுக்கு எடுப்பது' நம் வழக்கம். கிழிந்த நாரிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் வேளையில் சூடும் அழுத்தமும் வீக்கத்தை வளர்க்கும். அதற்கு மாறாக, பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வரை வைத்து எடுக்க வேண்டும். முதல் இரண்டு நாள்களில் சில மணி நேரத்திற்கு ஒருமுறை இவ்வாறு செய்யலாம். மீள்துணிக் கட்டு இட்டு, காலைத் தலையணையின் மேல் உயர்த்தி வைக்க வேண்டும். இக்காலத்தில் மது அருந்தலாகாது. வலி அடங்கத் தொடங்கியதும் கணுக்காலை மெல்ல அசைக்கவும் ஊன்றி நடக்கவும் பழக வேண்டும்.

அளவறிந்த உழைப்பு

சுமையால் வந்த வலிக்கு முழு ஓய்வு தற்காலிக அமைதியே தரும். இரண்டு வாரம் படுத்திருந்து மீண்டும் திடலில் இறங்கினால், முன்னினும் மெலிந்த தசையோடு அதே சுமையைச் சந்திக்க நேரும். வலியை மிகுவிக்கும் செயலைக் குறைத்து, தசையை வலுவாக்குவதே நிலையான வழி.

இதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. வலியே இல்லாமை 0, தாங்கவொண்ணா வலி 10 எனக் கொள்வோம். பயிற்சியின்போது வலி 3ஐத் தாண்டாமலும், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பியும் இருந்தால் அந்த அளவு பொருத்தமானது. அதனை மிஞ்சினால் பயிற்சியை நிறுத்தாமல் அளவைக் குறைக்க வேண்டும்.

முழங்காலுக்குரிய நான்கு பயிற்சிகளைக் கீழே தருகிறோம். கருவி ஏதும் தேவையில்லை. ஒவ்வொன்றையும் 10 முறை, மூன்று சுற்றுகள் என, வாரத்திற்கு மூன்று நாள் செய்யலாம்.

முதற்பயிற்சி: மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றக் காலை நேராக ஒரு சாண் உயரம் தூக்கி, 5 வினாடி நிறுத்தி இறக்குதல்.

இரண்டாம் பயிற்சி: இரு கால்களையும் மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பை மேலே உயர்த்தி, 5 வினாடி நிறுத்துதல். இது புட்டத் தசையை வலுவாக்கும். அத்தசை தளர்ந்தால் முழங்கால் உட்புறமாகச் சாயும்.

மூன்றாம் பயிற்சி: சுவரில் முதுகைச் சாய்த்து, வலி பொறுக்கும் அளவுக்கு நாற்காலியில் அமர்வதுபோல் மெல்ல இறங்கி ஏறுதல். முழங்கால் பாதத்தின் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும்.

நான்காம் பயிற்சி: வீட்டுப் படியில் ஒரு காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கி ஏறுதல். முதல் மூன்றும் எளிதான பின்னரே இதனைத் தொடங்குதல் நலம்.

பயன் தெரிய ஆறு வாரமாகும். முழுப் பயனுக்கு 12 வாரம் வரை பொறுக்க வேண்டும். ஓட்டத்தையும் ஆட்டத்தையும் வாரத்திற்குப் பத்தில் ஒரு பங்கு என்னும் அளவில் கூட்டிச் செல்வது பொதுவான வழிகாட்டி. ஒரு காலில் தாவி இறங்கும்போது வலியும் தடுமாற்றமும் இல்லையெனில் மீண்டும் போட்டிக்கு ஆயத்தமாகலாம்.

வருமுன் காப்பதும் இயலும். உலகக் காற்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் மருத்துவ அறிஞர்கள் 2006இல் '11 பிளஸ்' என்னும் 20 நிமிட ஆயத்தப் பயிற்சியை வகுத்தனர். மெல்லோட்டம், தசை வலிமை, ஒற்றைக்கால் சமநிலை, முறையாகத் தாவி இறங்குதல் ஆகியவை அதில் அடங்கும். நார்வே நாட்டு இளம்பெண்களிடையே நடந்து 2008இல் வெளியான ஆய்வில், இப்பயிற்சியைச் செய்த குழுக்களில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. நம் இளைஞர் மன்றங்கள் ஆட்டத்திற்கு முன் இதனைப் பழக்கமாக்கலாம்.

வேலையிலும் சிறு மாற்றங்கள் பெரும்பயன் தரும். தாழ்ந்த பட்டையை வெட்டுகையில் முதுகை வளைத்து நிற்பதைவிட, ஒரு காலை முன்வைத்து இடுப்பையும் முழங்காலையும் சேர்த்து மடக்குதல் நன்று. கத்தி கூர்மையாக இருந்தால் மணிக்கட்டின் உழைப்பு குறையும். குலையை உடலோடு ஒட்டித் தூக்குதல், தூக்கியவாறே இடுப்பைத் திருகாமல் பாதங்களை நகர்த்தித் திரும்புதல் ஆகியவை முதுகைக் காக்கும்.

மாத்திரையும் ஜாமுவும்

வலி தீர்க்கும் மாத்திரைகளைத் தேவைக்கேற்பக் குறுகிய காலம் உட்கொள்வதில் தவறில்லை. ஆயினும், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம் போன்றவற்றை நாள்தோறும் விழுங்கிவிட்டு வேலைக்குப் போவது வயிற்றில் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கும். வெயிலில் வியர்த்து நீரிழந்த உடலில் அவை சிறுநீரகத்தையும் தாக்கும். டெங்கி என்னும் ஐயம் இருக்கும்போது இம்மாத்திரைகளையும் ஆஸ்பிரினையும் தொடவே கூடாது. பாராசிட்டமால் மட்டுமே உரிய அளவில் ஏற்றது.

இதனினும் பெரிய ஆபத்து, இரவுச் சந்தையிலும் இணைய வழியிலும் விற்கப்படும் பதிவு பெறாத ஜாமு, மாஜுன் வகைகளில் இருக்கிறது. இவற்றுட் பலவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பன்முறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. "இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது" என்று நாம் வியப்பது வேரின் ஆற்றலை அன்று; மறைத்து வைத்த மருந்தின் ஆற்றலையே. வலி அடங்குகிறது, நோயோ உள்ளே வளர்கிறது. நாளடைவில் முகம் உருண்டு வீங்கும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும், எலும்பு மெலியும், இடுப்பு எலும்பின் தலைப்பகுதி இரத்தமின்றிச் சிதையவும் கூடும். மூட்டைக் காக்க உண்டது மூட்டையே அழிக்கும் நிலை வரும்.

1984ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி, மரபுவழி மருந்துகளும் பதிவு செய்யப்பட வேண்டும். பொட்டலத்தின் மீது 'எம்.ஏ.எல்.' எனத் தொடங்கும் பதிவெண் உள்ளதா, பாதுகாப்பு வில்லை ஒட்டப்பட்டுள்ளதா என்று பார்த்தே வாங்க வேண்டும். பல வாரமாக இத்தகைய ஐயத்திற்குரிய மருந்தை உண்டவர் அதனைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தாகும். உடல் தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். ஆகவே, அப்பொட்டலத்தோடு மருத்துவரிடம் சென்று உண்மையைக் கூறி, அவர் சொற்படி நடக்க வேண்டும்.

ஊதியமும் உரிமையும்

நம் இளைஞர்கள் வலியை மறைப்பதற்கு அறியாமை மட்டும் காரணமன்று. ஒரு நாள் நின்றால் ஒரு நாள் ஊதியம் போய்விடும் என்னும் அச்சமும் காரணமே. ஆகவே, உரிமையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் ஊதியத்துடன் கூடிய மருத்துவ விடுப்பை வழங்குகிறது. பணிக்காலம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாயின் ஆண்டுக்கு 14 நாளும், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாளும், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆயின் 22 நாளும் அவ்விடுப்பு உண்டு. இதற்கு மருத்துவச் சான்றிதழ் தேவை.

வேலையின்போது விழுந்தோ முறுக்கியோ மூட்டில் காயம் பட்டால், சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் காப்பு உண்டு. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1971இல் தோன்றிய இந்நிறுவனம், 2019 முதல் அந்நியத் தொழிலாளரையும் உட்படுத்தியுள்ளது. விபத்தை அன்றே மேலாளருக்கோ மண்டோருக்கோ தெரிவித்து, சாட்சி கண்டவரையும் குறித்து வைக்க வேண்டும். முதலாளி 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாதிருந்தால், சராசரி நாள் ஊதியத்தில் 80 விழுக்காடு தற்காலிக முடத்தன்மை உதவியாகக் கிடைக்கும். "சின்ன அடிதானே" என்று பதியாமல் விட்டவர் பின்னர் உரிமையை மெய்ப்பிக்க அல்லற்பட நேரும்.

அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்கள் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைக் காணலாம். தேவையாயின் அங்கிருந்தே இயன்முறை மருத்துவரிடமோ மூட்டுநோய் வல்லுநரிடமோ அனுப்பி வைப்பார்கள். செல்லும்போது வலி தொடங்கிய நாள், வலிக்கும் நேரம், உண்ட மருந்துகள் ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போனால், மருத்துவர் நோயை அறிவது எளிதாகும்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. உடலுழைப்பால் வாழும் நமக்கு மூட்டே அச்சுவர். இன்று முழங்கால் வலிக்கும் இளைஞர் இன்னும் 30, 40 ஆண்டுகள் அக்காலை ஊன்றியே உழைக்க வேண்டியவர். எனவே, வலியை வீட்டாரிடமும் மேற்பார்வையாளரிடமும் வெளிப்படையாகக் கூறுவோம், காரணத்தைப் பிரித்தறிவோம், ஓய்வையும் பயிற்சியையும் அளவறிந்து கைக்கொள்வோம்.